அடுத்த புத்தகத்தை யார் சொல்வது?

வாரத்துக்கு ஒரு புத்தகம் என்று 50 ஆண்டுகள் விடாமல் படிக்கிறவர் ஏறத்தாழ 2,600 புத்தகங்களை முடிப்பார். ஒரு மாவட்டத் தலைநகர நூலகத்தின் அடுக்குகளில் அதைவிடப் பல மடங்கு நூல்கள் இருக்கும். வாழ்நாள் முழுக்கப் படித்தாலும் தொடாமல் விடுகிற நூல்களே மிகப் பெரும்பான்மை. அதனால்தான் படிப்பவர்கள் சந்தித்தால் “இப்போது என்ன படிக்கிறீர்கள்?” என்று கேட்டுக்கொள்கிறார்கள். சாதாரணமாகத் தோன்றும் இந்தக் கேள்விக்குப் பின்னால் நீண்டகால விவாதம் ஒன்று உண்டு. ஒரு வாசகரையும் அவருக்கான புத்தகத்தையும் சேர்த்துவைக்க வேண்டியவர் யார்? கற்றறிந்தவரா, பழகிய நண்பரா, முகமறியாத பல்லாயிரம் பேரா? அல்லது, யாருமே வேண்டாமா?

இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில் வலுவாக முன்வைக்கப்பட்டவை. இன்றும் உயிரோடு இருப்பவை. அவை எங்கிருந்து வந்தன, எந்த இடத்தில் தடுமாறுகின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

கூடிப் படித்த காலமும் ஒளித்துப் படித்த காலமும்

படிப்பைப் பகிர்வது தனியான ஒரு செயலாக இருக்க வேண்டுமானால், முதலில் படிப்பு தனிமைக்குள் போயிருக்க வேண்டும். தமிழ்ச் சூழலில் இந்த மாற்றத்தை விரிவாக ஆராய்ந்தவர் ஆ. இரா. வேங்கடாசலபதி. அவருடைய ‘நாவலும் வாசிப்பும்’ என்ற நூல், 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை வாய்விட்டு, பலர் கேட்கப் படிப்பதே இங்கே ஓங்கியிருந்தது என்பதையும், நாவல் என்ற வடிவமும் நடுத்தர வர்க்கமும் வளர்ந்தபோது மௌன வாசிப்பு பரவியது என்பதையும் காட்டுகிறது. புராணமோ அல்லி அரசாணி மாலையோ திண்ணையில் ஒருவர் இசையோடு படிக்க, எழுத்தறியாதவர்களும் சுற்றியிருந்து கேட்டார்கள். அங்கே என்ன படிக்கிறாய் என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஊருக்கே தெரியும்.

‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் அச்சேறியது. அடுத்த சில பத்தாண்டுகளில் நாவல்கள் பெருகின; கூடவே நாவல் படிப்பது மனத்தைக் கெடுக்கும், குறிப்பாகப் பெண்களைக் கெடுக்கும் என்ற அச்சமும் பெருகியது. மௌன வாசிப்பில் ஒருவர் மனத்துக்குள் என்ன ஓடுகிறது என்பதை அடுத்தவர் கண்காணிக்க முடியாது என்பது இந்த அச்சத்துக்கு ஒரு காரணமாக இருக்கலாம். எப்படியாயினும், படிப்பதைப் பகிர்வது என்றாலே நல்லதுதான் என்று எழுதும் பலர் இந்த வரலாற்றை மறந்துவிடுகிறார்கள். தான் படிப்பதை வெளியே சொல்ல, சொன்னால் கேவலமில்லை என்ற நிலை முதலில் வேண்டும். அது எல்லோருக்கும் ஒரே காலத்தில் கிடைத்துவிடவில்லை.

அறிந்தவர் சொல்லட்டும்

தேர்ந்த வாசகர் ஒருவர் வடிகட்டித் தர வேண்டும் என்பது மிகப் பழைய விடை. தமிழில் அதை இடைவிடாமல் செய்துகாட்டியவர் க. நா. சுப்ரமண்யம். ‘படித்திருக்கிறீர்களா?’ என்ற தலைப்பில் அவர் எழுதிய அறிமுகக் கட்டுரைகள் ஒவ்வொரு நூலாக எடுத்து, அதை ஏன் படிக்க வேண்டும் என்று பேசின. கூடவே, சிறந்த நாவல்கள், சிறந்த சிறுகதைகள் என்று பட்டியல்களும் போட்டார். பட்டியல்களே அதிகச் சண்டையைக் கிளப்பின. பட்டியலில் பெயர் இருக்கும், காரணம் இருக்காது; போடுகிறவரின் மேல் நம்பிக்கை உள்ளவருக்கு மட்டுமே அது பயன்படும். இலங்கையிலிருந்து எழுதிய க. கைலாசபதி, தனிமனித ரசனையை அளவுகோலாகக் கொண்ட விமர்சனத்தையே மறுத்து, இலக்கியத்தைச் சமூக வரலாற்றுக்குள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூவின் 1979ஆம் ஆண்டு நூல், ரசனை என்பதே வர்க்க வேறுபாட்டைக் காட்டிக்கொள்ளும் வழிகளில் ஒன்று என்ற வாதத்தை விரிவான தரவுகளோடு முன்வைத்தது. இருவரின் பாதைகளும் வேறு. ஆனால் ‘நல்ல ரசனை’ என்று ஒருவர் சொல்லும்போது, அது யாருடைய ரசனை என்று இருவருமே கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு ரசனைத் தரப்பு முழுமையாக விடை சொல்லிவிட்டதாகத் தெரியவில்லை.

அறிந்தவர் தேர்வை வணிகமாக்கிய முன்னோடி அமெரிக்காவின் ‘புக் ஆஃப் த மந்த் கிளப்’. ஹாரி ஷெர்மன் 1926இல் தொடங்கிய இந்த அமைப்பில் எழுத்தாளர்கள் கொண்ட நடுவர் குழு மாதம் ஒரு நூலைத் தேர்ந்தெடுத்தது. வேண்டாம் என்று உறுப்பினர் முன்கூட்டியே எழுதாவிட்டால் நூல் வீடு தேடி வந்துவிடும். ரசனையைத் தொழிற்சாலைச் சரக்காக்குகிறார்கள் என்று அறிவுலகில் கண்டனம் எழுந்தது. ஆனால் ஜானிஸ் ராட்வே இந்த அமைப்பை உள்ளிருந்து ஆராய்ந்து 1997இல் எழுதிய நூல் வேறொரு சித்திரத்தைத் தருகிறது. அங்கிருந்த பதிப்பாசிரியர்கள் எல்லா நூல்களையும் ஒரே தராசில் நிறுக்கவில்லை. எந்த வகை வாசகருக்கு எந்த வகை நிறைவை ஒரு நூல் தரும் என்று யோசித்து வகைபிரித்தார்கள்.

இந்த எண்ணத்துக்கு இன்னும் தெளிவான உருவம் தந்தவர் சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன். அவருடைய ஐந்து விதிகள் 1931இல் நூலாக வந்தன. ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய நூல் உண்டு, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பவை இரண்டாம், மூன்றாம் விதிகள். இந்த இரண்டும் சேரும்போது ‘சிறந்த நூல்’ என்ற பேச்சுக்கே இடம் குறைந்துவிடுகிறது. பொருத்தம் முன்னே வருகிறது. பொருத்தம் பார்க்க நூலை மட்டும் தெரிந்திருந்தால் போதாது, கேட்டு வந்தவரையும் தெரிந்திருக்க வேண்டும். அந்த அளவு நேரமும் ஆளும் எத்தனை நூலகங்களில் இருக்கின்றன என்பதுதான் இந்த அழகிய விதிகளின் முன் நிற்கும் தடை.

யாரும் சொல்ல வேண்டாம்

வாசிப்பு தனிமையின் செயல், அதில் பிறர் குறுக்கிடக் கூடாது என்ற தரப்பின் வலுவான குரல் மார்செல் புரூஸ்ட். நல்ல நூல்களைப் படிப்பது உலகின் ஞானிகளோடு உரையாடுவது என்று ஜான் ரஸ்கின் 1864இல் ஓர் உரையில் சொல்லியிருந்தார். ரஸ்கினைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்த புரூஸ்ட், தம் முன்னுரையில் அதை மறுத்தார். உரையாடல் நம்மைச் சிதறடிக்கும். வாசிப்பிலோ இன்னொருவரின் சிந்தனையைப் பெறும்போதும் நாம் தனிமையில் இருக்கிறோம், அந்தத் தனிமையில்தான் நம் மனம் தானாக வேலை செய்கிறது என்பது அவர் வாதம். வர்ஜீனியா வுல்ஃப் இதை வேறு விதமாகச் சொன்னார். எப்படிப் படிப்பது என்பது பற்றிய அவருடைய புகழ்பெற்ற கட்டுரை, பிறர் அறிவுரையை ஏற்காதே என்பதையே முதல் அறிவுரையாகத் தருகிறது.

இந்தத் தரப்பின் நேர்மையை மதிக்க வேண்டும். படிக்கும்போது நடப்பதில் பெரும்பகுதி சொல்லில் அடங்காதது. அதை உடனே சொல்லியாக வேண்டும் என்ற பதற்றம் அதைக் கெடுக்கவும் கூடும். ஆனால் படிக்கும் நேரத்துக்குப் பொருந்துகிற இந்த வாதம், படிக்கத் தொடங்கும் முன் உள்ள நேரத்துக்கு அப்படியே பொருந்துவதில்லை. புரூஸ்டுக்கு ரஸ்கின் மீது ஈர்ப்பு வளர்ந்ததில் ராபர்ட் டி லா சிசரான் 1897இல் ரஸ்கினைப் பற்றி எழுதிய நூலுக்குப் பெரும் பங்கு உண்டு. ஒரு வாசகர் தாம் ரசித்ததைச் சொன்னார்; இன்னொருவர் அதன் வழியே போனார். வுல்ஃப் வாழ்நாளெல்லாம் மதிப்புரை எழுதியவர். தனிமைக்குள் போகும் வாசலை அவர்களுக்கும் யாரோ காட்டியிருக்கிறார்கள், அவர்களும் பிறருக்குக் காட்டியிருக்கிறார்கள்.

வட்டங்கள்

விவாதம் மிகச் செழிப்பாக இருக்கும் இடம் இதுதான். கற்றறிந்தவரும் முகமறியாத கூட்டமும் அல்லாத மூன்றாவது சாத்தியம் ஒன்று உண்டு: தொடர்ந்து சந்திக்கிற, ஒருவர் ருசி ஒருவருக்குத் தெரிந்த சிறு குழு.

20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் திருநெல்வேலியில் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் வீட்டில் கூடிய வட்டத்தொட்டி இதற்கு நம் பெருமைமிக்க சான்று. தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான், நீதிபதி எஸ். மகாராஜன் போன்றோர் அந்த மரபில் வந்தவர்கள். கல்கியும் ராஜாஜியும் டி.கே.சி.யின் நண்பர்கள். கம்பனின் ஒரு பாட்டை எடுத்து, திரும்பத் திரும்பச் சொல்லி, எந்தச் சொல்லில் உணர்ச்சி தங்கியிருக்கிறது என்று காட்டுவது அவர் வழக்கம். அங்கே பரிந்துரை என்பதும் அனுபவம் என்பதும் பிரியவில்லை: கேட்டவர் ‘நன்றாக இருக்குமாம்’ என்ற செய்தியோடு வீடு திரும்பவில்லை, பாட்டையே கொண்டுபோனார்.

குறையும் அதே இடத்தில் முளைத்தது. தம் ரசனைக்கு ஒவ்வாத பாடல்களை டி.கே.சி. இடைச்செருகல் என்று ஒதுக்கினார். சில பாடல்களில் சொற்களையும் மாற்றினார். பாடபேதங்களின் துணையின்றி ரசனையை மட்டும் வைத்துப் பதிப்பிப்பதைத் தமிழறிஞர்கள் கண்டித்தார்கள். அந்தக் கண்டனம் நியாயமானது என்றே தோன்றுகிறது. ரசனை ஒரு வட்டத்துக்குள் எல்லோராலும் ஒப்புக்கொள்ளப்படும்போது, அதற்கு வெளியே ஓர் உண்மை இருக்கலாம் என்ற ஐயம் மங்கிவிடுகிறது. வட்டத்துக்குள் வர முடிந்தவர்கள் யார் என்ற கேள்வியும் உண்டு. கூடியவர்கள் பெரும்பாலும் கல்வியும் ஓய்வும் வாய்த்த ஆண்கள்.

பெண்களின் வாசிப்பு வட்டங்களைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள நுட்பமான ஆய்வுகளில் முதன்மையானது எலிசபெத் லாங் 2003இல் வெளியிட்டது. டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் இயங்கிய குழுக்களை அவர் நீண்டகாலம் கவனித்தார். இலக்கியத் தீர்ப்பு வழங்குவதைவிட, நூலை வைத்துத் தம் வாழ்க்கையைப் பேசுவதற்கே உறுப்பினர்கள் அதிக இடம் தந்தார்கள். கதைமாந்தர் ஒருவர் எடுத்த முடிவை முன்வைத்து, நேரடியாகப் பேசத் தயங்கும் விஷயங்களைப் பேசினார்கள். ஆனால் எந்த நூலை எடுத்துக்கொள்வது என்ற கட்டத்தில் மட்டும் பண்பாட்டு அதிகாரம் உள்ளே வந்துவிடும். ‘விவாதிக்கத் தகுந்த’ நூல் எது என்பதில் பல்கலைக்கழகங்களும் மதிப்புரைகளும் வகுத்த எல்லைகள் செல்லுபடியாயின. வீட்டில் விரும்பிப் படிக்கும் வகை நாவல்கள் குழுவுக்குள் எளிதில் வருவதில்லை.

அந்த நாவல்களுக்கும் ஒரு வட்டம் இருந்தது. ராட்வே 1984இல் வெளியிட்ட முந்தைய நூல், அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஸ்மித்டன் என்று அவர் புனைபெயர் தந்த ஊரில், காதல் நாவல் வாசகிகளை ஆராய்ந்தது. அவர்களின் மையம் ஒரு புத்தகக் கடையில் வேலை பார்த்த பெண்மணி. அவருக்கும் நூலில் புனைபெயர்தான், டாட். மாதாமாதம் ஏராளமாக வெளிவரும் காதல் நாவல்களில் எது தேறும் எது தேறாது என்று அவர் ஒரு செய்திமடல் எழுதினார். பெண்கள் கடைக்கு வந்து அவரிடம் கேட்டே வாங்கினார்கள். முகப்பு அட்டைகள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும் சந்தையில், கையில் குறைந்த பணத்தோடு வருகிறவருக்கு அந்தச் சொல் எவ்வளவு பெரிய உதவி! பதிப்பகங்களும் அவர் கருத்தைக் கேட்கத் தொடங்கின. இலக்கிய அதிகாரம் ஏதுமற்ற ஒருவர், தன்னைப் போன்றவர்களின் ஓய்வுநேரம் எவ்வளவு அரிது என்று அறிந்ததாலேயே பெற்ற நம்பிக்கை இது. இந்தத் துறையின் ஆய்வுகளுள் இதைப் போல என்னை மறுயோசனை செய்யவைத்தது வேறில்லை. நம்பிக்கை மேலிருந்துதான் வர வேண்டும் என்ற எண்ணத்தை டாட்டின் கதை கலைத்துவிடுகிறது.

கட்ஸ், லாசர்ஸ்ஃபெல்ட் இருவரும் 1955இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வும் இதற்கு ஒத்திசைகிறது. இலினாய் மாநிலத்தின் டெக்கேட்டர் நகரப் பெண்களிடம் நடந்த அந்த ஆய்வு, அன்றாடத் தேர்வுகளில் ஊடகங்களின் சொல்லைவிட அருகிலிருக்கும், தம்மை ஒத்த ஒருவரின் சொல் வலுவானது என்று கண்டது. வீட்டுப் பொருள், ஆடை, திரைப்படம், பொது விவகாரம் ஆகியவற்றை அது ஆராய்ந்தது. புத்தகம் அந்தப் பட்டியலில் இல்லை. எனவே அதை அப்படியே வாசிப்புக்கு நீட்டுவதில் எச்சரிக்கை தேவை.

எண்ணிக்கையின் தீர்ப்பு

1996இல் ஓப்ரா வின்ஃப்ரி தம் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் நூல்களைச் சொல்லத் தொடங்கியபோது, டோனி மாரிசனின் 1977ஆம் ஆண்டு நாவல் மீண்டும் பல லட்சம் பேர் கைக்குப் போனது. ஒரு தோழியின் குரலும் ஒளிபரப்பின் வீச்சும் ஒன்றுசேர்ந்த அரிய கலவை அது. அதற்குப் பின் வந்த மாற்றம் வேறு வகை. 2007இல் தொடங்கி 2013இல் அமேசான் வாங்கிக்கொண்ட குட்ரீட்ஸ், வாசகரின் சொல்லை நட்சத்திரங்களாக்கிக் கூட்டிக் கணக்கிட்டது. இதை வாங்கியவர் அதையும் வாங்கினார் என்ற தொடர்பை வைத்துப் பரிந்துரைக்கும் முறையை அமேசான் பொறியாளர்கள் 2003இல் ஒரு கட்டுரையில் விளக்கினார்கள். அதில் சொல்கிற ஆளே இல்லை. ஆயிரக்கணக்கானோரின் செயல்களின் தடம் மட்டும் உண்டு.

பெரிய கூட்டம் சராசரியில் சரியாகச் சொல்லும் என்பது இதன் அடிப்படை நம்பிக்கை. சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் மூவரும் 2006இல் வெளியிட்ட பரிசோதனை அந்த நம்பிக்கையை அசைத்தது. 14,000க்கும் மேற்பட்டோரைத் தனித்தனித் தொகுதிகளாகப் பிரித்து, அறியப்படாத இசைக்குழுக்களின் 48 பாடல்களைத் தந்தார்கள். பிறர் எதைத் தரவிறக்கினார்கள் என்று தெரிந்த தொகுதிகளில், வெற்றி பெற்ற பாடல்களுக்கும் மற்றவற்றுக்கும் இடைவெளி கூடியது. எது வெல்லும் என்பதும் தொகுதிக்குத் தொகுதி மாறியது. மிக நல்லவை பெரும்பாலும் அடியில் போகவில்லை, மிக மோசமானவை பெரும்பாலும் மேலே வரவில்லை. நடுவிலிருந்தவற்றுக்கு எதுவும் நடந்தது. பாடலைச் சில நிமிடங்களில் கேட்டுவிடலாம், நாவலுக்கு நாட்கள் ஆகும். ஆகையால் புத்தகத்தில் இந்த விளைவு இன்னும் கூடுதலாகவோ குறைவாகவோ இருக்கலாம்.

புத்தகங்களையே எடுத்துக்கொண்ட ஆய்வுகளில் கோவாச், ஷார்க்கி இருவரும் 2014இல் வெளியிட்டது குறிப்பிடத்தக்கது. பரிசு வென்ற நூல்களையும் இறுதிப் பட்டியல் வரை வந்து தவறிய நூல்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். பரிசுக்குப் பின் வென்ற நூல்களுக்குக் குட்ரீட்ஸ் வாசகர்கள் தரும் மதிப்பெண் இறங்கியது. நூல் மாறவில்லை. பரிசின் பெயரைக் கேட்டு, அந்த வகை எழுத்தில் நாட்டமில்லாதவர்களும் வந்து படித்தார்கள் என்பது அவர்கள் தரும் விளக்கங்களுள் ஒன்று. ரங்கநாதனின் மூன்றாம் விதியை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை: தனக்குரியவரல்லாத வாசகரிடம் போய்ச் சேர்ந்த நூல் தோற்றதாகப் பதிவாகிறது. நட்சத்திரத்தில் அந்த வேறுபாடு தெரிவதே இல்லை.

பாதி வழியில் இருப்பவர்

மேற்கண்ட தரப்புகளில் பெரும்பாலானவை தமக்குள் எவ்வளவு மோதினாலும் ஒன்றில் உடன்படுகின்றன. அவை முடிந்த வாசிப்பைப் பற்றிப் பேசுகின்றன: பட்டியல், மதிப்புரை, பரிசு, நட்சத்திரம் எல்லாம் புத்தகத்தை மூடிவைத்த பிறகு வருபவை. ஆனால் நாம் முதலில் எடுத்துக்கொண்ட கேள்வி நிகழ்காலத்தில் இருக்கிறது. அதற்கு விடை சொல்கிறவர் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார். நூறாம் பக்கத்தில் நிற்பவரிடம் தீர்ப்பு இல்லை. எதிர்பார்ப்பும் சந்தேகமும் இருக்கின்றன, ஒரு கதைமாந்தர் மேல் கோபம் இருக்கிறது. இவற்றைப் பகிர்வது வேறு வகைப் பகிர்வு என்பதே இக்கட்டுரை வலியுறுத்த விரும்புவது. இரண்டையும் ஒன்றாகக் கலந்ததால்தான் பரிந்துரை பற்றிய ஆய்வுகள் பலவற்றில் விற்பனை தெரிகிற அளவுக்கு வாசிப்பு தெரிவதில்லை.

தமிழில் இதற்கு ஒரு பெரிய சான்று உண்டு. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் தொடராக வந்தது. அந்த ஆண்டுகளில் அதைப் படித்த அனைவரும் ஒரே இடத்தில், பாதி வழியில், நின்றார்கள். வீட்டிலும் அலுவலகத்திலும் நடந்த பேச்சு அடுத்த வாரம் என்ன ஆகும் என்பதைப் பற்றியது. அந்தப் பேச்சில் யாருக்கும் முன்கூட்டிய அறிவு கிடையாது, ஆகவே யாரும் யாருக்கும் ஆசிரியரும் இல்லை. தொடரை வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்த குடும்பங்கள் பல. அந்தத் தொகுப்புகள் நூலாக மட்டும் கைமாறவில்லை, கூட்டாகக் காத்திருந்த காலத்தின் நினைவாகவும் கைமாறின.

கோட்பாட்டளவில் இதற்கு அருகே வந்தவர் ஜெர்மன் அறிஞர் வோல்ஃப்காங் ஈசர். வாசகர் பிரதிக்குள் நகர்ந்துகொண்டே இருக்கிறார், ஒவ்வொரு வரியிலும் எதிர்பார்ப்பை உருவாக்கி, அடுத்த வரியில் திருத்திக்கொள்கிறார் என்று 1976இல் அவர் விவரித்தார். ஆனால் அவர் கற்பித்த வாசகர் தனியாள். இப்படி நகர்ந்துகொண்டிருக்கும் இருவர் நடுவழியில் சந்தித்துப் பேசினால் இருவரின் வாசிப்பும் என்ன ஆகும் என்பது அவர் கேள்வியாக இல்லை.

நிகழ்காலப் பகிர்வுக்கும் ஒரு பலவீனம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டால், படிப்பவற்றுள் சொல்லிக்கொள்ளத் தகுந்தது எது என்பதே கேள்வியாகக் காதில் விழுகிறது என்று பூர்தியூ, ரோஜெர் ஷார்த்தியேயுடன் நடத்திய உரையாடலில் எச்சரித்தார். துப்பறியும் நாவலும் தத்துவ நூலும் தலைமாட்டில் இருந்தால், தத்துவ நூலின் பெயர்தான் வெளியே வரும். வாசிப்புக் கணக்கெடுப்புகள் அனைத்தையும் இந்த எச்சரிக்கையோடுதான் அணுக வேண்டும். பழகிய வட்டத்தில் இந்தக் கூச்சம் குறையலாம். முகமறியாதவர் முன் கூடலாம். டாட்டின் கடையில் அது ஏறத்தாழ இல்லாமலே போனது என்பதுதான் ராட்வேயின் ஆய்வு தரும் நம்பிக்கை.

முடிவாகாதவை

கிடைக்கும் சான்றுகளை வைத்து ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியது இது. பரிந்துரையின் பயன், சொல்கிறவரின் தகுதியை மட்டும் சார்ந்ததில்லை. கேட்கிறவர் சொல்கிறவரின் ருசியை எவ்வளவு அறிந்திருக்கிறார் என்பதையும் சார்ந்தது. க.நா.சு.வின் அறிமுகக் கட்டுரை அவருடைய பட்டியலைவிட உதவுவதற்கும், தெரிந்தவரின் பாதிப் பேச்சு ஆயிரம் நட்சத்திரங்களைவிட உதவுவதற்கும் காரணம் ஒன்றே: காரணத்தோடு சொல்லும்போது, அது நமக்குப் பொருந்துமா என்று நாமே பார்க்க முடிகிறது.

ஆனால் பகிர்வு ஒருவரின் வாசிப்பை விரிக்கிறதா, குறுக்குகிறதா என்பதில் சான்றுகள் இரு பக்கமும் இழுக்கின்றன. வட்டங்கள் ஆழப்படுத்துகின்றன, ஒருபடித்தாகவும் ஆக்குகின்றன. பெருந்தளங்கள் தொலைவிலுள்ள நூலைக் கொண்டுவருகின்றன, ஏற்கெனவே பலர் படித்ததையே இன்னும் பலரிடம் தள்ளவும் செய்கின்றன. இதைத் தீர்க்க விற்பனைக் கணக்கும் மதிப்பெண்ணும் உதவாது. சில வாசகர்களைச் சில ஆண்டுகள் பின்தொடர வேண்டும்: எந்த நூலை யார் சொல்லிக் கேட்டார்கள், எந்தப் பக்கத்தில் நிறுத்தினார்கள், நடுவில் யாரிடம் பேசினார்கள், பேசியபின் தொடர்ந்தார்களா, கைவிட்டார்களா என்று பதிந்துகொண்டே வர வேண்டும். கைவிடப்பட்ட புத்தகங்கள் எந்தப் பட்டியலிலும் தடம் விடுவதில்லை. அப்படியொரு ஆய்வு தமிழில் நடக்குமானால், அது ஊர்ப்புற நூலகங்களிலும் பெண்கள் படிக்கும் வீடுகளிலும் தொடங்குவது பொருத்தமாக இருக்கும். தமிழில் நாம் இதுவரை ஆராய்ந்த வட்டங்கள் பெரும்பாலும் எழுதுகிறவர்களின் வட்டங்கள்.